சத்தம் வரக் கூடாது

பிப்ரவரிப் பனிக்கட்டியில்,
காலிப் பாட்டில்களைத் திருப்பி வாங்கும் எந்திரத்தின் முன்னால்
விழுந்தாள் ஐமே.
பையில் ஒன்பது பாட்டில். ஒன்றும் உடையவில்லை.
உடைந்தது இடது கணுக்கால்.
தூக்க வந்தவரிடம் அவள் சொன்னாளாம்:
"வலது காலாக இருந்திருக்கலாம்."

வில்யாண்டியில் எல்லாருக்கும் தெரியும் ஏன் என்று.
தேவாலயத்து ஆர்கனின் ஆழச் சுரங்கள்
இடது ஓரத்தில், மரக்கட்டைகளாய், காலுக்குக் கீழே.
கண் பார்க்கக் கூடாது.
நுனியும் குதியுமாய்ப் பாதமே தேடிப் போய் மிதிக்க வேண்டும்.
முப்பத்தோரு வருடம் மிதித்தாள்.

மாவுக்கட்டு பிரித்த அன்று
யாருடைய காலோ போல் வெளிறிக் கிடந்தது.
காலால் இட்டதைத் தலையால் செய்வார்கள் என்போம்.
இங்கே தலை இட்டதைக் கால்
காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

பயிற்சி தருபவள் கைடி. இருபத்தாறு வயது.
(தமிழில் எழுதும்போதுதான் தெரிகிறது:
பெயரில் கை, பிழைப்பு கால்.)
முதலில் மஞ்சள் ரப்பர் பட்டை. பிறகு சிவப்பு.
பச்சையை இழுத்தால் பாதம் நடுங்கும்,
அழைக்காமலே முழங்கால் வந்து உதவப் பார்க்கும்.
"முழங்காலை வீட்டில் விட்டுவிட்டு வா" என்பாள் கைடி.

தரையில் இருபது கோலிக்குண்டு, ஒரு சூப்புக் கிண்ணம்.
விரலால் கவ்விக் கவ்விப் போட வேண்டும்.
கட்டைவிரல் முரடு. சுண்டுவிரல் வேடிக்கை பார்க்கும்.
அதற்கு முந்தியது,
கையில் என்றால் மோதிர விரல்,
காலில் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.
ஏழாம் வாரம்
முதல் குண்டைத் தூக்கியது அதுதான்.

பிறகு ஆடுபலகை.
வட்டப் பலகை, அடியில் பாதிப் பந்து.
ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், விளிம்பு தரையைத் தொடாமல்.
"உக்ஸ், காக்ஸ், கோல்ம்..." எண்ணுகிறாள் கைடி.
டொக்.
"உக்ஸ், காக்ஸ்..."
டொக்.
"சத்தம் வரக் கூடாது, ஐமே. வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து."

ஐமேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இன்னொரு டொக்.
மிதித்தால் ஒலிக்கும் என்று மட்டுமே
இந்தக் காலுக்குத் தெரியும்.
ஜன்னல் கண்ணாடி அதிர,
முன்வரிசைக் கிழவர் திடுக்கிட்டு விழிக்க
ஒலித்தே பழகியது.
மிதித்தும் ஒலிக்காமல் இருப்பதற்கு
யார் இதுவரை சம்பளம் தந்தார்கள்?

கண்ணை மூடினாள். வேண்டாம் என்றாள் கைடி. மூடினாள்.
பரட்டின் உள்ளே, எலும்பில் திருகிய தகட்டைச் சுற்றி
என்னென்னவோ விழித்துக்கொண்டு
கொஞ்சம் இப்படி, இல்லை, கொஞ்சம் அப்படி என்று
தமக்குள் முணுமுணுத்தன.
இருபத்திரண்டு வரை எண்ணினாள் கைடி.
டொக்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை,
தேவாலயத்து மாடியில் தனியே உட்கார்ந்தாள்.
காற்றடிக்கும் மோட்டாரைப் போடவில்லை.
காற்றில்லாத ஆர்கன் தறி மாதிரி.
கட்டைகளின் சடசடப்பு மட்டும்.
இடது கோடிக் கட்டைக்குக் காலை நீட்டினாள்.
அதற்கு அடுத்ததில் போய் விழுந்தது.
மறுபடியும் அடுத்ததில்.
மூன்றாம் முறை சரி. குதிகால் வரை வலித்தது.

எழும்போது கோட்டுப் பையிலிருந்து எதுவோ உருண்டது.
நீலக் கோலி. கைடியுடையது.
எப்போது எடுத்தோம்? எடுத்தோமா?
இரண்டு கட்டைகளின் நடுவே,
கறுப்புக் கட்டை குறுக்கிடாத ஓர் இடைவெளியில்
விழுந்து கிடந்தது.

குனிந்தால் கை எட்டும்.
குனியவில்லை.
காலணியைக் கழற்றினாள், காலுறையையும்.
உள்ளே எட்டு டிகிரி குளிர்.
பெயரில்லாத விரலும் பக்கத்து விரலும்
கவ்வின, நழுவவிட்டன, திட்டு வாங்கின,
கவ்வின.

போட ஒரு கிண்ணம் இல்லை.
பெஞ்சைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கிறாள்,
தூக்கிய பாதத்தில் குண்டு.
கீழே கதவு திறக்கிறது. செருமல்.
"மேலே யாராவது இருக்கிறீர்களா?"

பதில் சொல்லவில்லை ஐமே.
வாய் திறந்தால்
பிடி போய்விடும்.