பிற, குறிப்பிடுக

கேள்வித்தாளில் நாற்பத்தொரு கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.
கின்டர்ஸ்லிக்குத் தெற்கே சரளைச் சாலையில்
இது பன்னிரண்டாவது வீடு.
நாய் குரைத்து முடிக்கும்வரை
காருக்குள்ளேயே இருந்தேன்.

எல்டன் பென்னர், வயது அறுபத்து மூன்று.
மைசூர்ப் பருப்பு, கோதுமை, கொஞ்சம் கடுகு.
நாலாயிரம் ஏக்கர், பாதி குத்தகை.
அறுவடை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து வெளியே வந்தார்.
கையெல்லாம் கிரீஸ் என்பதால்
குலுக்குவதற்கு முழங்கையை நீட்டினார்.

அரிதாளை உழாமல் விடுகிறீர்களா?
விடுகிறார்.
காரணம்: மானியம், பயிற்சி முகாம், அண்டை விவசாயி?
"எண்பத்தெட்டில் மூன்று நாள் காற்று.
கொடியில் காய்ந்த சட்டையை உதறினால் மண் கொட்டும்.
கறுப்பாக இருந்தால் எங்கள் நிலம்,
சாம்பல் என்றால் அடுத்தவன் நிலம்.
அந்த வாரம் கறுப்புதான் அதிகம்.
முகாம் நடத்தியது யாரென்று எழுத வேண்டுமா?
எழுதிக்கொள்."

வடக்கு மூலைக் குட்டையை ஏன் வடிக்கவில்லை?
பறவைகளுக்காக என்ற கட்டத்தின் மேல்
பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.
"வடித்தால் தண்ணீர் வெண்டலின் ஹில்டர்மன் வயலுக்குப் போகும்.
அவனோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
தண்ணீர் போனால் பேச வேண்டி வரும்."
குட்டையில் ஏழெட்டு வாத்துகள் மிதந்தன,
ஒரு பகையின் தயவில்.

சாலைக்கு இந்தப்பக்கம் கரகானா வேலி
ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது.
அந்தப்பக்கம் அதே வேலியின் வேர்கள்
குவித்துக் கொளுத்திய கரியாகக் கிடக்கின்றன.
நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
"என் விதைப்புக் கருவி எழுபது அடி அகலம்.
மரம் முப்பது வருஷத்துக்கு யோசிக்கும்.
குத்தகைச் சீட்டு மூன்று வருஷத்துக்கு."
ஒரே மனிதர், ஒரே மண்,
நடுவில் ஒரு சரளைச் சாலை.

விற்பனைக்கு வந்தோம்.
விலை விவரம் யாரிடமிருந்து பெறுகிறீர்கள்?
காலை ஆறரைக்குப் பெட்ரோல் நிலையத்துக் காபி மேஜை.
நல்ல விலைக்கு விற்றவன் சத்தமாகச் சொல்வான்.
மற்றவர்கள் சர்க்கரை போடாத காபியைக்
கலக்கிக்கொண்டே இருப்பார்கள்.
"வங்கித் தவணை நவம்பரில்.
அதனால் நவம்பரில் கொஞ்சம் விற்பேன்.
அதை மட்டும் முடிவு என்று எழுதிவிடாதே."
போன வருஷத்துப் பருப்பு
நாலு இரும்புத் தொட்டிகளில் இன்னும் இருக்கிறது.

"நானும் ஒன்று கேட்கலாமா?" என்றார்.
"உங்கள் நாட்டில் மழையா?"

மானாமதுரைக்குத் தொலைபேசினால்
ஹலோவுக்கு அடுத்து நாங்கள் கேட்பதும் இதுதான்.
ஆம் என்ற பதிலுக்காகக் கேட்போம்.
இவர் வேறு பதிலுக்காகக் கேட்டார்,
திருகு சாவியைத் துணியில் துடைத்துக்கொண்டு,
என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் பக்கம் இந்தப் பருப்பு விளையாது,
அது மத்தியப் பிரதேசம், இரண்டு நாள் ரயில் என்றேன்.
"அங்கே?"
அலைபேசியில் ஒரு கோடு சிக்னல்.
வரைபடம் கீழிருந்து மெல்ல நிறைந்தது,
பச்சை, அதன் மேல் கரும்பச்சை.
நாலு நாளாக நல்ல மழை.

"நல்லது" என்றார்,
பொய் சொல்லிப் பழகாதவர் சொல்கிற மாதிரி.
பிறகு தொட்டிகளைப் பார்த்து,
"அப்படியானால் இறக்குமதிக்கு வரி போடுவார்கள்."

நாற்பத்தொன்றாவது கேள்வியில்
பிற, குறிப்பிடுக என்று
விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
மழை என்று எழுதினேன்.
எங்கே பெய்தது, பெய்யக் கூடாதென்று யார் நினைத்தது
என்பதற்கெல்லாம் இடமில்லை.

பதின்மூன்றாவது வீடு ஹில்டர்மனுடையது.
நாய் இல்லை. வாசலிலேயே நின்றிருந்தார்,
என் கார் எங்கிருந்து வருகிறதென்று
தூசியை வைத்தே கணித்திருக்க வேண்டும்.
முதல் கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"எல்டன் விற்றுவிட்டானா?"