முன்னுக்கு இருப்பவள்

கட்டிய முற்பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்
என்பதற்காக மட்டுமே பவளராணி வந்தாள்.
பதினொரு நாளாக என்னோடு பேச்சில்லை.

மின்சார சபையில் மீட்டர் வாசிப்பவன் நான்.
ஆள் குறைந்த நாட்களில் ஏணியும் ஏறுவேன்.
நாலு மாதம் கட்டாத வீடொன்றின் இணைப்பைத்
துண்டிக்கச் சொல்லித் தாள் வந்தது.
தாளில் இருந்த பெயர் மகேந்திரராஜ்.
அவளுடைய அண்ணன்.
வேறு யாரையாவது போகச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

காசல்ரி நீர்த்தேக்கம் மாசியில் இளைத்துக் கிடந்தது.
தேயிலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் செம்மண் பட்டை.
இறங்கிய மட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு,
என்னைப் போல ஒருவன் தினமும் வந்து
குறித்துவிட்டுப் போனமாதிரி.

டிலக்சன் மஞ்சள் கயாக்கைச் சேற்றில் பிடித்து நிறுத்தினான்.
"முன்னுக்கு இருக்கிறவங்க வேகம்,
பின்னுக்கு இருக்கிறவங்க திசை.
எழும்பாதீங்க. சண்டை பிடிக்காதீங்க."
எல்லாரிடமும் சொல்வதுதான்.
அவள் என்னைப் பார்க்காமல் முன்னுக்குப் போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு முதுகு.
செம்மஞ்சள் மிதவைச் சட்டை,
அதன் மேலே கிளிப்புக்கு அடங்காத கொஞ்சம் முடி.
அவள் வலம் போட்டால் நான் இடம்.
ஒரே சட்டிக்குள் இரண்டு அகப்பை மாதிரி
துடுப்புகள் முட்டிக்கொண்டன.
பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை ஒன்று
அடிவயிற்றில் உரசி எங்களை
அரைச் சுற்று திருப்பிவிட்டது.
யாரும் சிரிக்கவில்லை. டிலக்சன் மட்டும், கரையில்.

நடு ஏரிக்கு வந்ததும் துடுப்பைக் குறுக்கே வைத்தாள்.
தண்ணீரில் கைவிட்டாள், மணிக்கட்டு மறையும்வரை.
"இந்தத் தண்ணிதானா?"

பதினொரு நாளுக்குப் பிறகு ஒரு கேள்வி.
தேவைக்கு மேலே விளக்கினேன்.
மலைக்குள்ளே சுரங்கம், நோர்ட்டனில் சுழலி,
அங்கிருந்து கோபுரம், கம்பி, கட்டை, மீட்டர்,
கடைசியில் நம்ம வீட்டுக் குசினி பல்பு.

"மழைக்கு யாரு பில்லு போடுறது?"

சுற்றறிக்கை எதிலும் அதற்குப் பதில் இல்லை.
ஒரு நீர்க்காகம் மூழ்கியது.
அது எழும்பும் இடத்தை இருவரும் தேடினோம்,
அது வேறெங்கோ எழும்பியது.

அப்போதுதான் பார்த்தேன்.
கூந்தலை அள்ளி அவள் திரும்பக் கட்டியபோது,
இரண்டு காதிலும் தோடு இல்லை.
துளை தூராமலிருக்கச் செருகிய ஈர்க்கு,
பச்சை, பொடியாக ஒடித்தது.
எத்தனை நாளாக?
ஆயிரத்து நானூறு வீட்டு மீட்டர்களில்
எந்தப் பூட்டு உடைந்திருந்தாலும் கண்டுபிடிப்பவன் நான்.

இரண்டு மணிக்குக் காற்று எழும்பியது.
நோர்வூட் பக்கத்திலிருந்து ஏரி சுருக்கம் சுருக்கமாக வந்தது.
கரை இருந்த இடத்திலேயே இருந்தது,
நாங்கள் எவ்வளவு வலித்தாலும்.
"எண்ணுறேன், சேர்ந்து போடுங்க," என்றாள், திரும்பாமல்.
ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு. ரெண்டு.
குரலுக்குப் பின்னாலேயே வலித்தேன்.
திசை என் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.
நான் அந்த ஈர்க்கைப் பார்த்துக்கொண்டே
கயாக்கை எப்படியோ நேராக வைத்திருந்தேன்.

கரையேறியபோது முழங்கால் வரை சேறு,
உள்ளங்கையில் கொப்புளம், அவளுக்கு மூன்று, எனக்கு இரண்டு.
பிளாஸ்டிக் கோப்பையில் பிளேன்டீ. சீனி அவளே போட்டாள்.

"அடகுக் கடையில இருக்கு," என்றாள், நான் கேட்காமலே.
"அண்ணன் பேருல கட்டியாச்சு.
திங்கக்கிழம உங்க மேசைக்குத் தாள் வரும்."

பஸ்ஸுக்கு நின்றபோது இருட்டிவிட்டது.
எதிர் மலையில் லயத்து விளக்குகள் வரிசையாக எரிந்தன.
பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன்.
பன்னிரண்டு, பிறகு ஒரு இடைவெளி, பிறகு ஏழு.
அவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏணி கொஞ்சம் ஆடுது," என்றேன்.
"கீழ நின்னு யாராவது பிடிச்சா நல்லது."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறினாள்.
இருவர் இருக்கையில் ஜன்னல் பக்கம் போய்
பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.