பத்தொன்பது

எண்பத்தேழில் ஸெனோனைப் புதைத்த மறுவாரம்
பெலாகியா என் பட்டறைக்கு வந்தாள்.
கையில் ஒரு பை, பைக்குள் கணக்கு நோட்டு.
இரட்டைக் கல் வேண்டும் என்றாள்,
இடப்பக்கம் அவருக்கு, வலப்பக்கம் எனக்கு.
எழுத்துக்கு இவ்வளவு, எண்ணுக்கு இவ்வளவு என்றேன்.
அடுத்த வருஷம் கூலி ஏறும் என்றும் சொல்லிவைத்தேன்.
அன்றைய போலந்தில் ஏறாதது எது?

பென்சிலால் ஏதோ கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"என் பெயரையும் இப்போதே வெட்டிவிடு.
பிறந்தது இருபத்தொன்பதில்.
சாகிற வருஷத்துக்கு முதல் இரண்டு எண்ணையும் போட்டுவை.
பத்தொன்பது. அதில் என்ன சந்தேகம்?
மிச்ச இரண்டைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும்."

அவளுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு முப்பத்தொன்று.
சந்தேகம் எனக்கும் வரவில்லை.
சுடெட்டி மலையடிக் கருங்கல், உளிக்கு லேசில் வசப்படாது.
ஒன்று நேராக இறங்கிவிட்டது.
ஒன்பதின் வயிற்றை வளைக்க அரை நாள் ஆனது.

அதன்பிறகு அவள் வாழ்ந்தது
காலி செய்யச் சொல்லிவிட்ட வீட்டில் குடியிருப்பவளைப் போல.
பல் விழுந்தால் கட்டவில்லை.
சுவர் உரிந்தால் பூசவில்லை.
நல்ல தட்டுகளை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு
விளிம்பு உடைந்த ஒன்றில் சாப்பிட்டாள்.
கேட்டால், "இன்னும் எத்தனை நாளைக்கு?"
ஒவ்வொரு நவம்பர் முதல் தேதியும்
கல்லின் இரு பாதியையும் தேய்த்துக் கழுவுவாள்.
அவர் பக்கம் சாமந்தியும் மெழுகுவர்த்தியும்.
தன் பக்கம், தன் பெயருக்கு மேலேயே,
ஃபிளாஸ்க்கை வைத்துத் தேநீர் ஊற்றுவாள்.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில் நிமோனியா.
பாதிரியார் எண்ணெய் பூசிவிட்டுப் போனார்.
டோர்ட்மண்டிலிருந்து மகன் கறுப்பு சூட்டோடு வந்தான்.
கல் சொன்ன கெடுவுக்கு
அவளும் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.
நள்ளிரவில் ஊரே வெடி வெடித்தது.
விடிந்ததும்
பசித்தது.

பனி முழங்கால் அளவு கிடந்த ஒரு காலையில்
என் கதவைத் தட்டினாள்.
"உன் கல் பொய் சொல்கிறது."
கல்தூளில் பசை குழைத்து அடைத்துவிடலாம் என்றேன்,
அதன்மேல் இருபது என்று வெட்டட்டுமா?
மேசையை அறைந்தாள். சுத்தியல் எகிறிற்று.
"எதையும் வெட்டாதே.
நீயும் நானும் சேர்ந்து
கடவுளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தது போதும்."

முதலில் பல் கட்டினாள்.
அந்தப் பல்லால் புளிப்பு ஆப்பிளாகத் தேடிக் கடித்தாள்.
சமையலறைக்கு மஞ்சள் அடித்தாள்,
பிடிக்கவில்லை, பச்சை அடித்தாள்,
அதுவும் பிடிக்காமல் பழைய மஞ்சளுக்கே திரும்பினாள்.
பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு போடச் சொல்லி
நகராட்சியோடு ஆறு வருஷம் மல்லுக்கு நின்றாள்.
பெஞ்சு வந்த அன்று
அதில் உட்கார்ந்து மூன்று பேருந்துகளை வேண்டுமென்றே தவறவிட்டாள்.

கல் காய்ந்திருந்தால் ஒட்டு தெரியாது.
மழை நனைத்தால் சுற்றிலும் கறுத்துவிடும்,
நடுவே வெளிறி எழும் அந்தப் பத்தொன்பது.
அதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

இந்த நவம்பரிலும் மழை.
அவளுக்குத் தொண்ணூற்று மூன்று.
நான் குன்று ஏறுவதற்குள் நாலு தடவை நின்றேன்.
முப்பத்தைந்து வருஷத்துக் கல்தூள்
படத்தில் நெஞ்சு முழுக்க வெள்ளையாகத் தெரிகிறதாம்.
தேநீரை நீட்டிவிட்டு
என் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.
"உன் கல்லை எடுத்து வைத்திருப்பாயே."
வைத்திருந்தேன்.
பட்டறைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில்,
சல்லி விரிசல் இல்லாத பலகை, இருபது வருஷமாக.
யார் கேட்டும் கொடுக்காதது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டியைக் கடித்தாள். சத்தமாக மென்றாள்.

போன திங்கட்கிழமை ஒரு இளம் ஜோடி வந்தது,
சமையல் மேடைக்குக் கல் தேடி.
பெண் எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தாள்.
எழுந்துபோய்த் தார்ப்பாயை விலக்கினேன்.
பணத்தில் ஹால்ஷ்காவுக்கும் எனக்கும்
கடலுக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று,
ஜன்னலோரம் ஒன்றுதான் கிடைத்தது, அதற்கு இப்போதே சண்டை.
என் கல்லின்மேல் இந்நேரம்
யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள்.