கொழுப்பு

ஈசூன் மருத்துவமனை, அடித்தளம் ஒன்று,
இரவு ஒன்பதரை.
இபுராம்சா, ஐம்பத்திரண்டு,
இரட்டைமாடிப் பேருந்து ஓட்டுகிறவர்.
வலது குதிகால்.

எக்ஸ்ரேயில் குதியெலும்புக்குள்
ஓர் இருட்டு முக்கோணம்,
அதன் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு.
பாலிக்ளினிக் டாக்டர் "பார்க்கணும்" என்றாராம்.
எதை என்று சொல்லவில்லையாம்.

உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
"மோதிரத்தைக்கூடக் கழட்டியாச்சு.
உடம்பு பூரா கொழுப்புன்னு வீட்ல திட்டுவா.
அது உலோகமா?"

பைலிங் அடிக்கிற மாதிரிச் சத்தம் வரும் என்றேன்.
"எங்க புளோக்குக்குப் பின்னால
தினமும் அதுதானே."

முதல் வரிசைப் படத்தில்
முக்கோணம் வெள்ளை வெளேரென்று,
தோலுக்கடியில் இருக்கிற அதே வெள்ளை.
கொழுப்பை அணைக்கும் வரிசையை ஓட்டினேன்.
அணைந்தது.
தோலடியும் எலும்பின் உள்ளும்
ஒரே சுவிட்சில் போட்டதுபோல்.
பொட்டைச் சுற்றி மட்டும்
மெல்லிய ஈர வளையம்.

பதினாறு வருடமாகப் பார்க்கிறேன்.
படம் எடுக்கிறவள் பலன் சொல்லக்கூடாது.
ஊமை கண்ட கனாவுக்கு
மாதச் சம்பளம்.

மேசையை வெளியே இழுத்தேன்.
பிரேக் மிதிக்கும் காலைத் தடவியபடி
என் முகத்தைப் படித்தார்.
அதையும் அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

"வியாழக்கிழமை டாக்டர் சொல்வார்."
வியாழனுக்கு இன்னும் மூன்று இரவு.

காலுறையை நீட்டும்போது
வாய் தானாக,
"அண்ணே, உங்க வீட்ல சொல்றது
சரிதான் போல."

சிரித்தார். நொண்டிக்கொண்டே போனார்.
லிஃப்ட் கதவு பாதி மூடுகையில்
கையைக் குறுக்கே நீட்டி
நிறுத்தினார்.