இரண்டாவது கையெழுத்து

கொட்டிவிட்டான் என்றேன் நான்.
குத்திக்கொண்டான் என்றாள் ஷெர்லின்.
வாயில் மரச்சீனிக் கிழங்கு இருந்ததால்
பாதிதான் கேட்டது.

குலசேகரத்தில் அன்று ராத்திரி
பிரசவக் கேஸ் எதுவும் வரவில்லை.
மழை வந்தது,
ரப்பர் மரங்களின் மேல் இடம் விடாமல்.

தியேட்டரை ஒட்டிய சின்ன அறை.
ஐந்து பேருக்கு ஒரு செல்போன்.
எட்டு வாரமாய்ப் பார்த்த தொடரின் கடைசி நிமிடம்:
மயக்க மருந்து டாக்டர்
வாஷ்பேசின் முன்னால் நிற்கிறான்.
முதுகு மட்டும் தெரிகிறது.
குழாய் ஓடுகிறது.
டிக்.
ஆம்பியூல் கழுத்து ஒடியும் சத்தம்.
திரை கறுத்து
பெயர்கள் மேலேறிப் போகின்றன.

"எளவு, இதுக்கா எட்டு வாரம் உறக்கம் களஞ்சேன்"
என்றார் வாட்ச்மேன் சத்தியநேசன்.
"ஒடச்சான்னா குத்தத்தான்.
களயணும்னா தறையில போட்டுச் சவட்டினா போராதா?"

லேப் அஜின் திரும்ப ஓட்டினான், மெதுவாக.
வலது தோள் ஓர் அங்குலம் இறங்குகிறது.
அது கொட்டுகிற தோள்.
இல்லை, சிரிஞ்சில் இழுக்கிற தோள்.
வாரத்துக்கு நூறு ஆம்பியூல் ஒடிக்கிற நாங்கள்
சுவரைப் பார்த்து வரிசையாய் நின்று
ஆளுக்கொரு பேனாவை ஒடிப்பதுபோல் பாவித்து
அடுத்தவர் தோளைத் திரும்பிப் பார்த்தோம்.
சத்தியநேசன் அண்ணன் கையில்
கட்டன்சாயா தம்ளர்.

நான் சட்டம் பேசினேன்.
"மிச்சத்தைக் கொட்ட ரெண்டு கையெழுத்து வேணும்.
கொட்டுறவர் ஒண்ணு, பாக்குறவர் ஒண்ணு.
அங்கே பாக்க ஆளில்ல. அதான் கொழப்பம்."
"நாம பாத்தோமே அக்கா" என்றான் அஜின்,
"நாம போடுவமா கையெழுத்து?"

பென்னட் மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

ஏழு மாதம் அவன் வேலைக்கு வரவில்லை.
யாராவது கேட்டால்
திருவந்தரத்தில் டிரெயினிங் என்போம்.
ஈஸ்டர் கழிந்து திரும்பினான்,
முழுக்கைச் சட்டையில் போனவன்
அரைக்கைச் சட்டையில்.
அஜின் போன மாதம் சேர்ந்தவன்.
"நீங்க சொல்லுங்கண்ணா,
மயக்க மருந்து ஒங்க ஏரியால்லியா?"

ஷெர்லின் கிழங்கை விழுங்கினாள்.

"சொவத்தில கிளாக்கு இருந்து. பாத்தியளா?"
நாங்கள் பார்த்திருக்கவில்லை.
ஓட்டிப் பார்த்தோம். பத்து நாற்பது.
"அவனுக்க டூட்டி காலைல ஏழுக்குத்தான் தீரும்.
இன்னும் எட்டு மணிக்கூறுக்கு மேல கெடக்கு."
முள்ளைக் காகிதத்தில் பொதிந்து
எழுந்து போனான்.

"கிளாக்கு பாட்டரி தீந்து நின்னதா இருக்கும்"
என்றார் சத்தியநேசன்.
பிறகு யாரும் பெரிதாக வாதாடவில்லை.

மூன்றரைக்கு ஒரு பையன்.
திற்பரப்பு வளைவில் பைக் வழுக்கி
முழங்கால் திறந்து கிடந்தது.
ஆம்பியூலில் பாதி போதுமானதாக இருந்தது.
மிச்சப் பாதியோடு பென்னட்
வாஷ்பேசினுக்குப் போனான்.
குழாயைத் திறந்தான்.
எனக்குத் தெரியும்படி
பக்கவாட்டில் திரும்பி நின்று கொட்டினான்.
சிரிஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான்.
அவன் கையெழுத்து. அதன் கீழே என்னுடையது,
ஜெ. விஜிலா.

விடியும்போது மழை விட்டிருந்தது.
அலமாரியைத் திறந்து எண்ணினேன்.
முழுசு ஒன்பது, காலி ஒன்று.
எழுதினேன்.
அவன் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பூட்டப் போனான்.
மறுபடி எண்ணினேன்.
கொட்டிவிட்டான் என்று
ராத்திரி முழுக்க வாதாடிய நான்
ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் தூக்கி
மூடியிருக்கிறதா, நிறம் சரியா,
வெறும் தண்ணீராக இருக்குமோ என்று.

"எண்ணு பிள்ளே."
வாசலில் நின்றிருந்தான்.
எவ்வளவு நேரமாய் என்று தெரியாது.
"நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

எதை என்று நான் கேட்கவில்லை.
ஒன்பது என்றேன்.
தலையாட்டினான்.
ஏழாக இன்னும் இருபது நிமிடம்.
பகல் டூட்டிக்காரி வந்து சேரவில்லை.
அலமாரிச் சாவி
என் உள்ளங்கையில் வியர்த்திருந்தது.