இரண்டு புள்ளி ஆறில் ஒரு மேடு

பெருந்துறை சாயப்பட்டறையில்
ஷேடு பார்க்கிறவர் சென்னியப்பன்.
கோயமுத்தூரில், எங்கள் காந்தக் குழாய்க்குள்
அசையாமல் படுத்திருக்கிறார்.
வீட்டில் சொல்லிவிட்டு வந்தது:
பார்ட்டியிடம் சாம்பிள் காட்டப் போறேன்.

பெல்ட்டு, மோதிரம், அரைஞாண் தாயத்து
எல்லாம் தட்டில்.
ராத்திரி எத்தனை முறை எழுவீர்கள் என்றதற்கு மட்டும்
சுவரைப் பார்த்துக்கொண்டு
"ஒரு நாலு இருக்குமுங்க" என்றார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
படம் எடுத்தாயிற்று, படம் போதாது.
சுண்டைக்காய் அளவுக் கட்டம் ஒவ்வொன்றிலும்
தண்ணீரின் கூச்சலை அமுக்கி
கொழுப்பின் கூச்சலை அமுக்கி
மிச்சம் முனகுவதைக் கேட்க வேண்டும்.

மிச்சத்தில் பெரியது சிட்ரேட்.
எலுமிச்சையில் இருக்கிற அதே புளிப்பு.
உடம்பு மற்ற இடத்திலெல்லாம்
அதை அன்றன்றைக்கு எரித்துவிட,
இந்தச் சுரப்பி மட்டும்
துத்தநாகத்தைக் காவல் வைத்து
எரிக்காமல் சேர்க்கிறது.
காவல் போனால் சேமிப்பும் போகும்;
மேடு கரையும்,
பக்கத்தில் கோலின் தலைதூக்கும்.

பதினேழாம் கட்டம்: மேடு, நல்ல உயரம்.
பதினெட்டு: மேடு.
இருபத்து மூன்று:
மேடா, இரைச்சலா?
மறுபடி ஓட்டினேன்.
குடலில் காற்று நகர்ந்திருக்கலாம்.
நகராமலும் இருந்திருக்கலாம்.

சட்டைப் பொத்தானைப் போட்டபடியே திரையருகே வந்தார்.
"எங்க மிஷினும் இப்படித்தானுங்க கோடு போடும்.
கேட்ட ஷேடுக்கு ஒண்ணு, நாம போட்டதுக்கு ஒண்ணு.
வித்தியாசம் ஒண்ணுக்குள்ள இருந்தா
லாட்டு பாஸுங்க."
முப்பது வருசம் நீலத்துக்கும் நீலத்துக்கும்
நடுவே நின்ற கண்.
விரல் கண்ணாடியைத் தொடாமல் நகர்ந்து
இருபத்து மூன்றில் நின்றது.
"இதுல பாஸ் எவ்வளவுங்க?"

அவர் அறுபத்திரண்டாவது ஆள்.
அந்த எண்ணைச் சொல்ல
எனக்கு இருநூறு பேர் வேண்டும்.
படிவத்தில் இதற்கென்று ஒரு வாக்கியம் உண்டு,
சொன்னேன்.
படிவத்தில் இல்லாததும் சொன்னேன்:
"எனக்கு இன்னும் தெரியலைங்க.
டாக்டர் கூப்பிடுவார், தள்ளிப் போடாம வந்துருங்க."

"ஸ்டேண்டர்டு இல்லாமயா அம்மணி
ஷேடு பாக்கறீங்க?"
கோபமில்லை.
ஒரு பட்டறைக்காரர்
இன்னொரு பட்டறையில் கேட்கிற கேள்வி.

தாயத்தைக் கட்டவில்லை,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
லிப்ட்டுக்குக் காத்திருக்கையில்
போனில் அவர் குரல் கேட்டது:
"காட்டியாச்சு.
பார்ட்டி பாத்துட்டாங்க.
இன்னும் ஒண்ணும் சொல்லல."