மான் தின்ற பட்டியல்

திருகோணமலை பஸ் நிலையம்,
விடியப்புறம் ஐந்தே முக்கால்.
பதினேழு பேரின் பட்டியல், ஒரு பணிஸ்,
ஆறிக்கொண்டிருக்கும் பிளேன்டீ.
வரப்போகிறவர்களுக்கு நான் இரண்டாம் வருடம்.
அதாவது, பயம்.

பிளேன்டீக்குக் காசு கொடுக்கத் திரும்பிய நேரம்
ஒரு புள்ளிமான் வந்தது.
இந்த ஊரில் மான்கள் பஸ் நிலையத்துக்கு வரும்,
கட்டாக்காலி மாடுகளைப் போல;
ஒருவரும் அதிசயப்படுவதில்லை.
வாங்கில் இருந்த பணிஸை விட்டுவிட்டுப்
பட்டியலைத் தின்றது.

இழுத்தேன். ஈரத் துண்டொன்று மிஞ்சியது:
'...ராசா, கீழ்ப்பிரிவு, பொகவந்தலாவை.'
மற்றப் பதினாறு பேரும்
அதன் வாயில் அவசரமில்லாமல் அசைந்தார்கள்.
போனில் இல்லையா என்று கேட்காதீர்கள்.
விடுதிப் பொறுப்பாளர் கையால் எழுதித் தந்தது.

இரவு ரயிலில் வந்தவர்கள் ஓட்டோக்களில் இறங்கினார்கள்.
பிறகு வவுனியா பஸ். பிறகு மட்டக்களப்பு பஸ்.
விலைச்சீட்டு உரிக்காத வாளி,
கயிறு கட்டிய தலையணை,
பெட்டியை விட மனமில்லாத அப்பாக்கள்.

இனி ஒரே வழி, கேட்பது.
"தம்பி, உங்கட பேர் என்ன?"

அவன் உடனே என் செருப்பைப் பார்த்தான்.
யாரோ சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்:
சீனியரின் முகத்தைப் பார்க்கக் கூடாது.

எனக்குத் தெரியும் அந்தப் பார்வை.
போன வருடம் இதே கேள்வியைக் கேட்ட ஐந்து பேருக்குப்
பதில் தேவைப்படவில்லை.
கொக்கிளாய் என்று ஊரைச் சொன்னதும்
'கருவாடு' என்று வைத்தார்கள்.
நாலு மாதம் அதற்கே திரும்பிப் பார்த்தேன்.
ஒருநாள் போனில் அம்மா என் பேரைச் சொல்ல
யாரைக் கேட்கிறா என்று
ஒரு கணம்
யோசித்தேன்.

"நான் தர்மிளா" என்றேன், செருப்பைப் பார்த்தவனிடம்.
"கொக்கிளாய். கணக்கியலில் ஒரு பாடம் ரிப்பீட்.
இப்ப உங்கட பட்டியலையும் மானுக்குக் குடுத்திட்டன்."

முதலில் அவனுடைய அப்பாதான் சிரித்தார்.
அவன் மெல்ல நிமிர்ந்து "ஹஸீப்" என்றான், "கிண்ணியா."
இவ்வளவு பக்கத்திலிருந்து இவ்வளவு பெரிய பெட்டி!
கந்தளாய் நெத்மினிக்கு என் சிங்களம் விளங்கவில்லை;
தமிழில் திருத்தினாள்.
கபிலாஷுக்கு வாயில் பேர் வரவில்லை,
மூக்கில் அழுகை வந்தது.
தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.
எந்தக் கன்டீனில் சோறு நல்லது,
எந்த விரிவுரையில் தூங்கினால் பிடிபடுவோம்,
விடுதிச் சுவரில் எந்த மூலையில் சிக்னல் வரும்,
வீட்டை நினைத்து அழ எந்த மாடிப்படி தோது
என்றெல்லாம் சொல்லிக்கொண்டே எண்ணினேன்.

பதினாறு.

என் கையில் மிஞ்சிய ஒரே ஆள்தான் வரவில்லை.
அந்த ஆளுக்கும் முழுப்பேர் இல்லை.

மற்றவர்களை நிலாவெளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு
ஈரத் துண்டோடு நின்றேன்.
வெயில் வந்தது. மான் நிழலுக்குப் போய்ப் படுத்தது.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
ஒரு பை அசைந்தது. பையின் பின்னால் ஒரு பெண்.

"நாலு மணிலேர்ந்து இங்கதான் இருக்கேன்.
மான் தின்னதயும் பார்த்தேன்" என்றாள்.
"ஏன் சொல்லேல்ல?"
"சீனியர் முன்னுக்குச் சிரிக்கக் கூடாதுன்னாங்க.
வாயத் தொறந்தா சிரிச்சிருப்பேன்."

சொல்லி முடிக்க முன்னமே சிரித்துவிட்டாள்;
சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்தினாள்;
பொத்தின கைக்குள்ளும் சிரித்தாள்.
முத்துராசா சுகந்தமலர். நல்ல நீளப் பேர்.
மானுக்கு அதுதான் தொண்டையில் நின்றிருக்கும்.

பணிஸைப் பிய்த்துப் பாதி கொடுத்தேன்.
அடுத்த பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளுக்கு.
உப்புவெளி தாண்டும் வரை
இரண்டு தரம் "சீனியர்" என்றாள்.
மூன்றாம் தரம் என் பேரைச் சொல்ல வாயெடுத்து
மறந்துபோய் விழித்தாள்.

திரும்பவும் சொன்னேன்.